இரண்டு பக்கத்துக்கும் காட்டிய குட்டி

மாசிக் கடைசி ஞாயிறு, தீவுகளுக்கு மேற்கே ஓர் ஓங்கில் குட்டியைக் கண்டேன். அதன் விலாவில் வெளிறிய கோடுகள் இருந்தன. பிறந்து அதிக நாளாகாத குட்டிக்குத்தான் அவை இருக்கும் என்று வாசித்திருந்தேன். அது தாயிடம் பால் குடிப்பதை ஒருமுறையாவது, குழப்பாமல் பார்த்துவிட விரும்பினேன்.

பங்குனி முதல் ஞாயிறு மறுபடி போனபோது, கனடாவிலிருந்து வந்திருந்த தமையனும் அவர் மனைவியான மச்சாளும் பிள்ளைகளும் கூட வந்தார்கள். ஓங்கிலை டொல்பின் என்றால்தான் அவர்களுக்கு விளங்கியது. கரையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்: மெதுவாகப் போகவேண்டும், பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கவேண்டும், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகவே கூடாது.

"ஓம் ஐயா, ஓம்" என்றார் குருநகர்ப் படகோட்டி.

சொன்னபடியே தள்ளி நிறுத்தினார். இடப்பக்கம் தாயும் குட்டியும் சேர்ந்து மிதந்தன. தாய் சற்றே சரிந்தது. குட்டி அதன் வயிற்றடிக்குப் போனது.

"எங்கடை பக்கத்தாலை ஒண்டும் தெரியேல்லை" என்றார் வலப்பக்கம் இருந்த மச்சாள். "உங்கடை முதுகைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

"எழும்பாதேங்கோ, படகு சரியும். எல்லாருக்கும் காட்டுறன்" என்ற படகோட்டி எஞ்சினை இயக்கினார்.

வேகமாக அல்ல. திருநாளில் புனிதரின் சுரூபத்தை வீதியின் இரண்டு பக்கச் சனத்துக்கும் திருப்பிக் காட்டுவார்களே, அந்தப் பக்குவத்தோடு அவற்றைச் சுற்றி வளைத்தார். குட்டி வெருண்டு விலகியது. படகு முழுதாகத் திரும்பியபோது தாய் ஒரு பக்கம், குட்டி மறுபக்கம்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

எஞ்சின் அடங்கியது. குட்டி தனியே தலையைத் தூக்கி மூச்சுவிட்டது. இரண்டு பக்கமும் கைபேசிகள் உயர்ந்தன. தாய் எங்களுக்கு அடியால் புகுந்து வந்து குட்டியைச் சேர்த்துக்கொண்டது. இரண்டும் வெகு தூரத்தில் ஒருமுறை தெரிந்தன.

"கொஞ்சம் பின்னாலை போவமே?" என்றார் தமையன்.

"இல்லை. திரும்புவம்."

கரையில் இறங்கும்போது படகோட்டி மனத்தாங்கலோடு கேட்டார்: "ஐயா சொன்ன மாதிரி மெதுவாத்தானே ஓடினன்? ஒரு பக்கத்துக்குக் காட்டி மற்றப் பக்கத்துக்குக் காட்டாமல் விடுறது முறையோ?"

பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியை அல்லவா கலைத்துவிட்டோம் என்றேன்.

"ஐயோ பாவம்" என்றார், உண்மையாகவே. "வாற கிழமை எல்லாரையும் ஒரே பக்கம் இருத்துவம்."

"படகு கவிழுமெல்லோ" என்றேன்.

"அதுதானே ஐயா நான் சுத்தினது!"

மச்சாள் என்னைக் காட்டிச் சிரித்தார். "வாற ஞாயிறும் வாறம் அண்ணை. இவரை மட்டும் விட்டிட்டு வாறம்."

"ஓம் பிள்ளை" என்றார் அவர். "எல்லாரும் வடிவாப் பாக்கலாம்."