போர்வைக்குள் மறைத்த சலப்பை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அந்தப் பெருமையில்தான், அப்பாவுக்குச் சிறுநீர் போகக் குழாயும் சலப்பையும் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, விளக்கத் தாளோடு வந்த தாதியிடம், "தாளத் தாங்க மிஸ், நான் வாசிச்சுக்குவன்" என்றேன். ஆனால் வாசிக்கவில்லை.

மூன்றாம் நாள் அமிர்தகழியிலிருந்து மாமியும் உறவினர்களும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். கட்டிலின் கீழ் தொங்கிய சலப்பையை அவர்கள் பார்ப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அதைத் தூக்கி அப்பாவின் பக்கத்தில் வைத்துப் போர்வையால் மூடினேன்.

"என்ன அண்ணன், பொம்பிள மாதிரிப் போத்திட்டு இருக்கீங்க?" என்று மாமி சிரித்தார்.

ஒரு மணி நேரமாகியும் யாரும் எழும்பவில்லை. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அத்தனை பேர் முன்னால் அவரால் வாய் திறக்கவும் முடியவில்லை, இறங்கிப் போகவும் முடியவில்லை. நான் தேநீர் கொடுக்கக் குனிந்தபோது கையைப் பிடித்தார்.

"மகள், அடிவயிறு வெடிக்கப் போகுது."

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் போர்வையை விலக்கினேன். குழாய் தொடைக்கு அடியில் மடிந்து நசுங்கியிருந்தது. பையில் புதிதாக ஒரு சொட்டும் சேரவில்லை. மடிப்பை நிமிர்த்திப் பையைக் கீழே தொங்கவிட்டதும் சலம் வேகமாக இறங்கியது.

"ஏன் அப்பா முதல்லயே சொல்லல்ல?"

"நீ படிச்ச புள்ள. காரணமாத்தான் வெச்சிருப்பாய் எண்டு நினைச்சன்."

இப்போது யார் வந்தாலும் பை இடுப்புக்குக் கீழேயே தொங்குகிறது. அதைத் தொட்ட பிறகு, "நோகுதா அப்பா?" என்று கேட்காமல் நான் அறையை விட்டு வெளியேறுவதில்லை.