அப்பா பிரிக்காமல் விட்ட பொட்டலம்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். அப்பாவே இதைப் படித்திருந்தால் பாதியை நம்பியிருக்க மாட்டார். அதனால் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது கணியூரில். கிணறு வற்றி விவசாயம் கைவிட்டபின் பதினெட்டு வயதில் திருப்பூர் வந்து, ஒரு சாயப்பட்டறையில் ஈரத்துணி சுமக்கும் வேலையில் சேர்ந்தார். சாயத் தண்ணீரிலேயே நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போனது. படிப்படியாக, சாயம் கலந்து நிறம் சேர்க்கும் கலர் மாஸ்டராக உயர்ந்தார். டியூப்லைட்டில் மாதிரியோடு ஒத்துப்போன நிறத்தை வெயிலிலும் கொண்டுபோய்ப் பார்க்காமல் அவர் ஒருநாளும் சரி என்று சொன்னதில்லை. முதலாளி அவசரப்படுத்தினாலும் மேகம் விலகும்வரை வாசலில் துணியோடு நிற்பார்.

வீட்டிலும் அப்படித்தான். மளிகைக்காரரின் தராசு, ஜோசியரின் பஞ்சாங்கம், டாக்டரின் சீட்டு, எதையும் இரண்டுமுறை பார்ப்பார். நான் நல்ல மார்க் வாங்கிவந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வருவார். தறி வைத்திருந்து பிறகு பனியன் தொழிலுக்கு மாறியவர், தீவிர முருக பக்தர். காபி ஆறுவதற்குள் இருவருக்கும் வாக்குவாதம் தொடங்கிவிடும்.

"இத்தன பெரிய ஒலகம் ஒருத்தர் படைக்காம தானா வந்துருக்குமுங்களா மாப்ள?" என்பார் மாமா.

"படைச்சவர ஆருங்க படைச்சது மச்சான்?" என்பார் அப்பா.

அப்பா விஞ்ஞானத்தின் பக்கம் என்று பலரும் நினைத்திருந்தீர்கள். அதுவும் முழு உண்மையில்லை. பக்கத்து வீட்டு அறிவியல் வாத்தியார் ஒருநாள், எல்லாம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்று விளக்கினார். "வெடிக்கறதுக்கு முந்தி என்னங்க இருந்துச்சு?" என்று அப்பா கேட்க, "அது இன்னும் தெரியலீங்க" என்றார் வாத்தியார். "இவராவது தெரியலைன்னு ஒத்துக்கறாரு" என்று மாமாவைப் பார்த்துச் சிரித்தார் அப்பா. அந்த ஒரு பதிலுக்காகவே வாத்தியாருக்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை கிடைத்தது.

பெரிய சண்டை பூவாக்கு பற்றித்தான். ஒரு காரியம் செய்யலாமா கூடாதா என்று தெரியாதபோது, வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் கட்டி முருகன் முன்னால் வைப்போம். ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் கூடாது.

"இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டுங்க மச்சான். ரெண்டுலயும் ஒரே பூ இருந்தா?" இதைச் சொல்லாமல் அப்பா எந்தப் பூவாக்கையும் விட்டதில்லை. தானே பிரித்தும் பார்த்துவிடுவார்.

"சாமியவே சந்தேகப்படறீங்களா?"

"சாமிய இல்லீங்க. கட்டுன கைய."

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் கோயமுத்தூர் டாக்டர். அம்மா மறுத்துவிட்டார். அவருடைய தங்கை ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அப்பா படம் வரைந்து விளக்கினார், கெஞ்சினார், கோபப்பட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

"முருகன் வெள்ளப் பூ குடுத்தா படுக்கறனுங்க. செவப்பு வந்தா என்னய உட்டுருங்க" என்றார் அம்மா.

மாமாதான் பொட்டலம் கட்டினார். எடுத்தது நான். பிரித்தால் வெள்ளை அரளி. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம், அடுத்ததைப் பிரிக்கச் சொல்வார் என்று. அப்பா அதை எடுத்தார். பிரிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "கோயமுத்தூருக்குப் பொறப்படலாங்க" என்றார்.

அம்மா பிழைத்தார். அந்த வருடத்திலிருந்து மாமா பழனிக்குப் பாதயாத்திரை போகத் தொடங்கினார். யாரையும் விடாமல் கிண்டல் செய்யும் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு அப்போதே எங்கோ இடித்தது.

கடைசிப் பத்து நாள் அப்பா மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தார். யாரோ நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு, கடைசியில் திருந்திவிட்டார் என்று சொல்லித் திரிந்தார்கள். கண்ணே திறக்காதவர் எப்படித் திருந்துவார் என்று எனக்கு விளங்கவில்லை.

கருமாதி முடிந்த மதியம், அப்பா துணி மாதிரிகள் வைக்கும் தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தப் பொட்டலம், கட்டிய நூல் அவிழாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்குக் காலையில உங்கப்பா வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு கண்ணு. ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுருங்க மச்சான்னாரு. வெச்சுட்டேன். அந்தப் பாவத்துக்குத்தான் வருசா வருசம் நடக்கறேன்."

நான் நம்பவில்லை. அம்மாவைத் தவிர அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. நூலில் விரல் வைத்தேன். அதற்குள் அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "ஒருநாளும் பிரிக்காம உடாத மனுசன், அன்னிக்குப் பிரிக்காம பையில போட்டாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ஆபரேஷனுக்குப் போனீங்க?"

"நான் பொழைக்கோணும்னு அந்த மனுசன் பொய்க்கே துணிஞ்சுட்டாரு. அதுக்கு மேல முருகன் வந்து என்ன கண்ணு சொல்லோணும்?"

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

மாமாவின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அப்பாவைக் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், அப்பா இறந்த அன்று பட்டறையை மூடிவிட்டு வந்த சாயப்பட்டறைத் தோழர்களுக்கும், இறுதிவரை கூடவே நின்ற வாத்தியாருக்கும், இந்த ஆண்டும் பழனிக்கு நடந்துபோய் வந்த மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பொட்டலத்தை அம்மா அப்பாவின் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருபவர்கள் அதைப் பிரிக்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம். சந்தேகம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். எனக்கும் இருக்கிறது.