வலது மூக்கில் வந்த ரத்தம்

எங்கள் பக்கம் கடலடியில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவனுக்குத் தோணியில் நின்று கயிறு பிடிக்க அவன் மச்சினன்தான் போவான். கூடப் பிறந்தவளைத் தாலியறுக்க எவன் விடுவான் என்ற நம்பிக்கை. எழுபதுகளில் தூத்துக்குடியில் என் அக்காள் புருஷனுக்கு நான்தான் கயிறு பிடித்தேன்.

அத்தான் மேலே வரும்போதெல்லாம் மூக்கில் ரத்தம் வரும். ஆழத்தில் தண்ணீர் அழுத்துவதால் குளியாட்கள் எல்லோருக்கும் வருவதுதான். "ஏலே, மூக்கு ஒடையாதவன் குளியாளா?" என்று அவரே சிரிப்பார். நான் துண்டால் துடைத்துவிடுவேன். மற்றவர்களுக்கு ஒரு நாள் இந்தப் பக்கம் வரும், ஒரு நாள் அந்தப் பக்கம் வரும், பல நாள் வரவே வராது. அவருக்கு வலது மூக்கில் மட்டும், தினமும். துடைத்தவன் நான்தானே. பார்த்தேன், யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் புறப்படும்போது அக்காள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏலே, இவுக வலது கண்ணு வெளிய தள்ளிக்கிட்டு நிக்குதுல்லா? மூக்கும் அடைச்சே கெடக்கு. டாக்டர்ட்ட காட்டுவமா?"

"கடல்ல நடக்கது ஒனக்கு என்னக்கா தெரியும்? தண்ணி அழுத்துனது. குளி முடிஞ்சா தானா வடியும்."

அவள் கோயிலுக்கு நடந்தாள். வீட்டில் இருக்கிறவள் எனக்குக் கடலைப் பற்றிச் சொல்வதா என்ற திமிர் எனக்கு. வேறென்ன.

அந்த வருசக் குளிக்காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, மேலே வந்தவர் கயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி வெறும் தண்ணீரைப் பிடித்தார். மறுபடியும் அப்படியே பிடித்தார். "கண்ணு எங்க இருக்கு?" என்று வைதேன்.

"ரெண்டு கயிறு தெரியுது மாப்ள" என்றார் மெதுவாக.

மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "ரத்தம் ரெண்டு மூக்கிலயுமா, ஒண்ணுலயா?" என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். "வலதுல மட்டும்" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"போன வருசக் குளியிலருந்தே."

அத்தானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் விளக்கினார். மூக்குக்குப் பக்கத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையில் கட்டி முளைத்திருக்கிறது. எலும்பை அரித்துக் கண்குழிக்குள் புகுந்து கண்ணை வெளியே தள்ளுகிறது. இப்போது மேலே மண்டையோட்டுக்குள்ளும் போய்விட்டது. "ஒரே பக்கம் வந்தப்பவே கூட்டிட்டு வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்" என்றார்.

அத்தான் ஐந்து மாதம்தான் இருந்தார். அடக்கம் முடிந்து வீடு நிறையச் சனம் இருந்தபோது அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னாள்:

"கடல்ல அவுகளுக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிட்டான் எந்தம்பி."

டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.