ஹாட்பாக்ஸில் வைத்த லைனர்

காலை எட்டு மணிக்கு அம்மா ஹாட்பாக்ஸைத் திறந்தாள். ஆறு மணிக்கு அவித்த இட்லியின் ஆவி என் முகத்தில் அடித்தது. இட்லி இரண்டு மணி நேரம் சூடாக இருக்குமென்றால் என் லைனர் ஏன் இருக்கக் கூடாது?

லைனர் என்பது தடித்த சிலிக்கோன் உறை. முழங்காலுக்குக் கீழே மிஞ்சிய என் இடது காலில் முதலில் அதை உருட்டி ஏற்ற வேண்டும், அதன்மேல் சாக்ஸ், பிறகுதான் செயற்கைக் கால். மார்கழி விடியலில் அது ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருக்கும். புதுச்சேரியில் என்ன பெரிய குளிர் என்று சிரிப்பவர்கள் ஐந்து மணிக்கு அதை ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம்.

லைனரைச் சூடாக்கும் அவசரத்துக்குக் காரணம் ஊட்டி. கல்லூரிச் சுற்றுலாப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

"நம்மூரு பனிக்கே எட்டு மணி வரைக்கும் போர்வைய வுட்டு வர்றதில்ல. ஊட்டிக்குப் போயி என்னா பண்ணப்போற?"

கெஞ்சியதில் ஒரு பந்தயத்துக்கு இறங்கி வந்தார். அதிகாலையில் கடற்கரைச் சாலையை முனைக்கு முனை நடக்க வேண்டும். அவர் தோளைப் பிடிக்கக் கூடாது.

மறுநாள் விடிவதற்குள், வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி லைனரோடு ஹாட்பாக்ஸில் வைத்து மூடினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி, இட்லி டப்பாடி அது!"

"கழுவிட்டேம்மா."

"டப்பாவயா, அதயா?"

"ரெண்டயும்!"

அரை மணி கழித்து எடுத்து மாட்டினேன். யாரோ உள்ளங்கையால் பொத்திப் பிடித்த மாதிரி இருந்தது. சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை வரை அப்பாவின் வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

பாதி தூரம் ஜோராக நடந்தேன். காந்தி சிலையைத் தாண்டியதும் காற்று வீசியது. கால் 'டொக் டொக்' என்று ஆட ஆரம்பித்தது. குளிரில் தசை சுருங்கிவிட்டது, செயற்கைக் காலில் தசை பொருந்தும் கிண்ணம் தொளதொளத்துவிட்டது. போன வருஷம் இதற்குப் பயந்து வீட்டிலேயே மூன்று சாக்ஸ் மாட்டி, தெருமுனைக்குள் வலி தாங்காமல் திரும்பியிருந்தேன். கால் செய்துகொடுத்த அக்கா அப்போது சொன்னாள்: "தொளதொளன்னா மட்டும் ஒண்ணு கூட்டு. மொத்தமாப் போடாத."

கூட்ட வேண்டுமென்றால் காலைக் கழற்ற வேண்டும். இத்தனை பேர் நடக்கும் இடத்திலா? வெளியில் நான் ஒருநாளும் கழற்றியதில்லை.

கடற்சுவரில் உட்கார்ந்து கழற்றினேன். பையிலிருந்த சாக்ஸை ஏற்றினேன். குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர் நின்று பார்த்தார், பிறகு தன் குல்லாயை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

"குந்திட்ட இல்ல? தோத்துட்ட," என்றார் அப்பா.

"தோளப் புடிக்கக் கூடாதுன்னுதான சொன்ன? குந்தக் கூடாதுன்னு எப்ப சொன்ன?"

மாட்டிக்கொண்டு எழுந்தேன். ஆட்டம் இல்லை. கடைசி முனையைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பா இருபதடி பின்னால், ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு வந்தார்.

"மெதுவாத்தான் போயேன். குளுருது எனக்கு."

அங்கேயே சுக்குக் காபிக்காரரின் சைக்கிள் சீட்டில் படிவத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினேன்.

ஊட்டியில் காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்குமாம். விடியும்போது முதல் ஆளாக அதில் நடக்கப்போகிறேன். பையில் நான்கு சாக்ஸ். ஹாட்பாக்ஸும் வருகிறது, அம்மா அதை இனி சமையலறைக்குள் விட மாட்டாளாம்.