மறுதாம்பு: முதல் போகம்

செம்மண் நிறத்தில் ஒரு வானம், அதில் இரண்டு சூரியன்கள். கீழே உடைந்து கிடக்கும் ஒரு விண்கலம். அதன்மேல் வெள்ளை எழுத்தில் 'மறுதாம்பு: முதல் போகம்' என்று போட்டிருக்கும். என் பழைய கைப்பேசியை எப்போது சார்ஜில் போட்டாலும் முதலில் இந்தப் படத்தைத்தான் தேடுவேன். அழித்துவிடலாம் என்று எத்தனையோ முறை விரலைக் கொண்டுபோயிருக்கிறேன். அழித்தால் நான் தப்பித்துவிட்டதாக ஆகிவிடும், அதற்கு மனசு வரவில்லை. அந்த மூன்று சொற்களையும் எழுதியவள் என் அண்ணி.

அது ஒரு வெளிநாட்டு அறிவியல் புனைகதைத் தொடர். அதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் ஓடிய மூலத்தொடர் ஒன்று இருந்தது. ஒரு விண்கலத்தில் கிரகம் கிரகமாகச் சுற்றுவார்கள். அது முடிந்ததும், அதில் ஓரமாக வந்துபோன ஒரு மெக்கானிக் பெண்ணைப் பிடித்து அவளுக்கென்று தனித் தொடர் ஆரம்பித்தார்கள். இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைப்பதை ஸ்பின்-ஆஃப் என்பார்கள். கப்பல் விழுந்து நொறுங்குகிறது, மிஞ்சிய நாற்பது பேர் ஆளில்லாத கிரகத்தில் தானியம் விதைத்துப் பிழைக்கிறார்கள். முதல் சீசன் எட்டுப் பகுதிகள். அதற்குத் தமிழ் சப்டைட்டில் எழுதும் வேலை, தஞ்சாவூரில் நான் இருந்த சின்ன அலுவலகத்துக்கு வந்தது. எழுதுவது ஒருவர், சரிபார்ப்பது இன்னொருவர். நான் சரிபார்ப்பவள்.

அண்ணியை எழுதும் வேலைக்குக் கொண்டுவந்ததே நான்தான். சீர்காழிப் பக்கத்துப் பெண். அவள் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு நட்டு, அறுப்பு அறுத்து, பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்தவர்கள். லீவு நாளில் அவளும் சேற்றில் இறங்கியிருக்கிறாள். அதோடு பி.ஏ. ஆங்கிலமும் படித்துவிட்டாள். அண்ணன் சிங்கப்பூரில் இருந்தான். சொந்த நிலம் உள்ள வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது அவள் அதிர்ஷ்டம் என்று எங்கள் அம்மா வாரம் ஒருமுறையாவது அவளுக்கு ஞாபகப்படுத்துவாள். பாவம், வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்யட்டும் என்று மேனேஜரிடம் அழைத்துப்போனேன். அப்போது நான் நல்லவளாகத்தான் இருந்தேன். அவள் எனக்குக் கீழே இருந்தவரை அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

மத்தியானம் அம்மா படுத்ததும் தையல் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவாள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள், கையும் கூடவே ஆடும். அந்தக் கிரகத்து ஆட்கள் விவசாயம் பண்ணும் லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். இரண்டு சூரியன் காய்கிற ஊரில் நாற்றை வெறும் புழுதியில் ஊன்றினால் நிற்குமா, இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று என்னைப் பிடித்துக் கேட்பாள், ஏதோ நான்தான் அந்தத் தொடரை எடுத்தவள் மாதிரி. மூன்றாம் பகுதியில் தலைவன் அந்த மெக்கானிக்கைத் திட்டும் இடம் ஒன்று உண்டு. நான் எழுதியிருந்தால் 'உன் முயற்சி வீணாகிறது' என்று முடித்திருப்பேன். அவள் 'மடையைத் திறக்கச் சொன்னா வரப்பை வெட்டி வச்சிருக்கே' என்று எழுதினாள். அலுவலகத்தில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் ஒரே ஓர் ஆளை நிரந்தரமாக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். நான்கு வருஷமாக அந்த நாற்காலிக்குக் காத்துக் கிடந்தவள் நான். ஒருநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உங்கள் எழுத்தில் பிழை இல்லை, உங்கள் அண்ணி எழுத்தில் உயிர் இருக்கிறது, இந்த சீசன் நல்லபடியாக வெளிவந்தால் அவரையே எடுத்துக்கொள்ளலாம் என்றார். ரொம்ப சந்தோஷம் சார் என்றேன். சாயங்காலம் ஊருக்குத் திரும்பியதும் அண்ணியிடமும் சொன்னேன். அவள் தன் மகள் பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. வேலை நிலைத்தால் தஞ்சாவூரில் வீடு பார்த்துப் போய்விடலாம், அங்கேயே பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம், இந்த வீட்டில் தான் கேட்கிற பேச்சைப் பாப்பா கேட்டு வளர வேண்டாம் என்றாள். இதை என்னிடமே சொன்னாள், இந்த வீட்டுப் பெண்ணிடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் தலைப்பு அட்டைதான் பாக்கி. தொடரின் பெயரையும், 'சீசன் ஒன்று' என்பதையும் தமிழிலேயே போட வேண்டும் என்பது உத்தரவு. வெட்டிய பிறகும் முளைப்பது என்கிற மாதிரி ஒரு பொருள் அந்த ஆங்கிலப் பெயருக்கு. அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அறுத்த நெல் தாளின் அடிக்கட்டையிலிருந்து தானாகத் துளிர்த்து விளைவதை மறுதாம்பு என்பார்கள். கதைக்கும் பொருந்தியது, ஒரு தொடரிலிருந்து கிளைத்த தொடர் என்பதற்கும் பொருந்தியது. நான் அசந்துபோனேன். சீசனுக்குத்தான் தயங்கினாள். எல்லோரும் பருவம் என்று போடுகிறார்கள், அவளுக்கு அந்தச் சொல் கூசியது.

"பருவம்னா பொண்ணு வயசுக்கு வர்றதுல்லங்க? அதைப் போயி நாலு பேரு பாக்குறதுல எப்படிப் போடுறது? முதல் போகம்னு போட்டுடட்டுமா? விளைச்சல் கதைதானே."

வருஷத்துக்கு எத்தனை முறை விளைகிறதோ அதை வைத்து ஒரு போகம், இரு போகம், முப்போகம் என்போம். வயலில் வளர்ந்த அவளுக்குப் போகம் என்றால் நெல், வேறொன்றுமில்லை. வயலையே பார்க்காதவனுக்கு அது படுக்கையறைச் சொல். எனக்கு இரண்டும் தெரியும். அதைத் தெரிந்து சொல்வதற்குத்தான் சரிபார்ப்பவள் என்று ஒருத்தியை வைத்திருந்தார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம பக்கம் அப்படித்தானே சொல்லுவோம். தாராளமாப் போடுங்க அண்ணி" என்றேன்.

வெளியான அன்று மதியத்துக்குள் எவனோ அந்தத் தலைப்பைப் படம் பிடித்து, இரண்டாம் போகம் எப்போது என்று கேட்டு இணையத்தில் போட்டான். அதற்குக் கீழே வந்து விழுந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. தமிழாக்கம் என்ற இடத்தில் இருந்த அவள் பெயரையும் வெட்டி எடுத்துப் படத்தோடு ஒட்டிவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கேட்டார். அண்ணி எழுதினால் சரியாக இருக்கும் என்று நம்பிப் பார்க்காமல் விட்டுவிட்டேன் சார் என்றேன். பாவம், அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

சிங்கப்பூரில் அண்ணன் தங்கியிருந்த அறையிலேயே அந்தப் படம் சுற்றியிருக்கிறது. வீடியோ காலில் வந்தான். அம்மா, நான், அண்ணி மூன்று பேரும் நின்றோம்.

"கூட இருக்கிறவனெல்லாம் எம்பொண்டாட்டி பேரைச் சொல்லிச் சிரிக்கிறான். இனிமே அந்தப் பொட்டியத் தொட்டேன்னா உங்கப்பன் வீட்டுக்கே போயிடு" என்றான்.

அது நெல்லுக்குச் சொல்கிற வார்த்தைங்க, நெல்லுக்குங்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்குள் அம்மா லேப்டாப்பை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நான் அண்ணனோடு சண்டை போட்டேன், தெருவுக்கே கேட்கும்படி. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்றுகூடக் கேட்டேன். என்ன கத்தினாலும் அவன் மாறமாட்டான் என்று தெரிந்ததால் வந்த தைரியம் அது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை நான் உதறவும் இல்லை.

நாற்காலி எனக்கு வந்தது. இரண்டாவது சீசனை நானே எழுதினேன், 'பருவம் இரண்டு' என்று போட்டேன். பிழை இல்லை, ஒருவரும் சிரிக்கவும் இல்லை. மறுதாம்பு என்ற சொல் மட்டும் நிலைத்துவிட்டது. ஸ்பின்-ஆஃப் எது வந்தாலும் எங்கள் அலுவலகத்தில் இப்போது மறுதாம்பு என்றுதான் சொல்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, இது நீங்க கண்டுபிடிச்ச வார்த்தையாமே மேடம் என்றாள். சிரித்துவைத்தேன். பாப்பா அந்த வீட்டிலேயேதான் வளர்ந்தாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. உனக்கென்ன தெரியும், சும்மா இரு என்று அண்ணியை அதட்டுகிறாள், அச்சு அசல் எங்கள் அம்மாவின் குரலில்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பள்ளிக்கூடப் போட்டிக்குப் பாப்பா ஒரு கதை எழுதிவைத்திருந்தாள். வேற்றுக் கிரகத்தில் நடவு நடப்போகும் பெண்களின் கதை. அந்தத் தொடரை அவள் பார்த்தது கிடையாது, எல்லாம் அண்ணி வாயால் கேட்டது. அடுப்படியில் இருந்த அண்ணியிடம் நோட்டை நீட்டி, படிச்சுப் பாரு என்றாள். அண்ணி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்கிட்ட காட்டாத. நான் எழுதி நாறுனது போதும். எது எழுதினாலும் அத்தைகிட்ட காட்டிட்டுக் குடு. அன்னிக்கு எனக்காகப் பேசுனது அவங்க ஒருத்தங்கதான்."

அண்ணி, அன்னிக்கு என்று ஆரம்பித்தேன். பழசெல்லாம் எதுக்குங்க என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான் நோட்டை வாங்கிப் படித்தேன். முதல் பக்கத்திலேயே தெரிந்தது, அண்ணியின் கை அப்படியே வந்திருக்கிறது. ஒரு சொல்லைக்கூடத் தொடவேண்டியதில்லை. நான் மறுபடியும் முதல் பக்கத்துக்கே திரும்பியதைப் பார்த்துப் பாப்பாவுக்கு முகம் வாடிவிட்டது.

"தப்புத் தப்பா எழுதியிருக்கேனா அத்தை? சிரிப்பாங்களா?"

"அத்தை எதை மாத்தச் சொல்றாங்களோ மாத்திடு பாப்பா" என்று அடுப்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. பாப்பா ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.