கணித்ததைவிட நன்றாக வந்த சிக்னல்

ஆறாம் தலைமுறை மொபைல் தொடர்புக்கு உரிய மில்லிமீட்டர் அலைகள், இலைகளின் ஊடே செல்லும்போது எவ்வளவு வலுவிழக்கும் என்று கணிக்கும் மாடல் ஒன்றை எங்கள் கல்லூரி ஆய்வுக்குழு உருவாக்கியிருந்தது. குழுத் தலைவர் நான்; சொந்த ஊர் போடிக்கு அருகிலுள்ள தேவாரம். போடிக்கு மேலே மலைச்சரிவில், என் உறவினரும் கல்லூரித் தோழருமான ராசிங்காபுரம் தங்கவேலுவின் ஏலத்தோட்டத்தில் கோடையில் எடுத்த அளவுகளே அதற்கு அடிப்படை. மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, அதை நேரில் சோதிக்க மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் அம்மையார் வந்தார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் கூரையில் டிரான்ஸ்மிட்டர். சரிவில், செடிகளுக்கு நடுவே ரிசீவர். இயக்கியதும் சிக்னல் வந்தது. நாங்கள் கணித்ததைவிட மிக வலுவாக வந்தது. கேபிள், ஆன்டெனாவின் திசை, காலிபரேஷன் அனைத்தையும் மீண்டும் சரிபார்த்தோம். மாற்றமில்லை.

தங்கவேலு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சிக்னல் வரலைன்னா மூஞ்சியத் தொங்கப்போடுவாக. வந்ததுக்குமா மாப்ளே தொங்கப்போடுவ?” என்றார்.

மாடலின் மதிப்பு அதன் கணிப்பு பொருந்துவதில்தான் உள்ளது என்பதை அவருக்கு விளக்கும் நிலையில் நான் இல்லை. அம்மையார் மரியாதை குறையாமல்தான் கேட்டார்:

“சார், மாடல் தப்புன்னா திருத்திக்கலாம். ஆனா கோடையில எடுத்ததா நீங்க குடுத்த அளவு, நெஜமாவே இந்த எடத்துல எடுத்ததுதானா?”

என் பணிக்காலத்தில் எவரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. பதிலாக மீண்டும் ரிசீவரின் திரையைப் பார்க்கக் குனிந்தேன். வெயில் பட்டு எண்கள் தெரியவில்லை. உள்ளங்கையால் மறைத்துப் படித்தபோதுதான் உறைத்தது: கோடை உச்சியில் இதே இடத்தில் நின்று, கை மறைப்பு இல்லாமல் படித்திருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். நிழல் மரங்களில் உச்சிக் கொத்து மட்டுமே மிஞ்சியிருந்தது, மற்றதெல்லாம் வானம்.

“கவாத்து முடிஞ்சு வெறகக்கூட அள்ளியாச்சு மாப்ளே” என்றார் தங்கவேலு. “மழைக்கு முன்னாடி கொப்பக் கழிக்காட்டி செடி அழுகிப் போகும்ல. வருசா வருசம் நடக்குற சோலிதான. தேவாரத்துக்காரனுக்கு இதுகூடவா தெரியாது?”

தெரியும். மாடலுக்குத்தான் தெரியாது. கழிக்காத பகுதி ஏதேனும் உண்டா என்று கேட்டேன். ஓடைக்கு அப்பால் ஆள் கிடைக்காமல் வேலை நின்றிருப்பதாகச் சொன்னார். ஸ்டோரிலிருந்து ஏறத்தாழ அதே தொலைவு. ரிசீவரை அங்கே தூக்கிச் சென்றோம். அம்மையாரே திரையைப் படித்தார். இடத்தைச் சற்று மாற்றி வைக்கச் சொல்லி மறுபடியும் படித்தார். கணிப்பு பொருந்தியது.

“ரெண்டு அளவையும் அறிக்கையில போடுங்க சார், கவாத்துக்கு முன்னாடி, பின்னாடின்னு” என்றார். “இந்த வித்தியாசத்த இதுவரைக்கும் யாரும் அளந்து எங்கிட்டக் காட்டினதில்ல.”

அலைக்கற்றையைப் பற்றி ஆராய வரும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இலைக்கும் மழைக்கும் கணக்கு வைத்திருப்பீர்கள். அந்த மண்ணில் மனிதர்கள் எந்தப் பருவத்தில் என்ன வேலை செய்கிறார்கள் என்பதற்கும் கணக்கு வையுங்கள். கருவியை இறக்குமுன் அதைக் கேளுங்கள். நான் அதன்பின் கேட்கத் தவறியதில்லை.

அன்று போடிக்கு இறங்கிய ஜீப்பில், அம்மையார் முன் இருக்கையில் அமர்ந்திருக்க, நான் பின்னால் உறங்கிவிட்டேன். பணிக்காலத்தில் பிறர் முன்னிலையில் நான் உறங்கியது அந்த ஒரு முறைதான்.