செத்துப்போன தொட்டி

இரண்டு கைகளும் முழங்கை வரை ரப்பர் உறைக்குள் இருந்தன. வலது கை கயிறு கட்டிய வாளியைத் தொட்டிக்குள் இறக்கி, நுரையை விலக்கி, பழுப்பு நீரை மொண்டது. இடது கை அதை உயரமான கண்ணாடி ஜாடியில் ஊற்றிச் சுவர்மேல் வைத்தது. கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிந்தால் தொட்டி பிழைத்தது என்று அர்த்தம்.

ஊர்ச் சாக்கடை முழுவதும் வந்து சேரும் இந்தக் கொட்டகை அவள் பொறுப்பு. ஊர் வைத்த பேர் நுரைக்காரி. முன்பிருந்த ஆபரேட்டர் சொல்லாமல் கொள்ளாமல் போனபின், நுரையின் நிறத்தையும் நாற்றத்தையும் வைத்துத் தானாகவே வேலை கற்றுக்கொண்டாள். அழுக்கைத் தின்பது மோட்டார் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். மோட்டார் அவற்றுக்குக் காற்று ஊதுகிறது, அவ்வளவுதான்.

அந்தக் கிருமிகளைத்தான் நாத்தனார் கொன்றுபோட்டாள். இவள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வழியில் மூக்கைப் பொத்தக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். வந்தவர்கள் மூக்கைப் பொத்தவில்லை. மறுநாளிலிருந்து ஊரே பொத்திக்கொண்டது.

தொட்டித் தண்ணீர் தெளியவே இல்லை. தெளிந்த தண்ணீர் காட்டுக்குப் போகும் கீழ் மதகை மூடி, வருகிற சாக்கடையைப் பக்கத்துக் குட்டைக்குத் திருப்பினாள். மதகுத் தண்ணீரை நம்பி மக்காச்சோளம் போட்டிருந்த கீழ்க்காட்டுக்காரர் தினமும் வந்து நின்றார். குட்டையும் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது நிரம்பினால் சாக்கடை அப்படியே அவர் காட்டுக்குள் இறங்கும்.

பக்கத்து ஊர்த் தொட்டியிலிருந்து கிருமிகள் உயிரோடிருக்கும் சேறு டிரம் டிரம்மாகப் புருஷனின் வண்டியில் வந்தது. அதை ஊற்றிவிட்டுச் சாக்கடையைத் திறந்தவள், அவசரத்தில் கூடுதலாக விட்டுவிட்டாள். பாதிச் சேறு மிதந்து குட்டைக்குள் வழிந்து போனது. மறுபடி டிரம். இந்தத் தடவை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு ஊட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். இடுப்பு விட்டுப்போனது.

"இன்னும் கோபமா அண்ணி?" நாத்தனார் கொட்டகை வாசலிலேயே நின்றாள்.

"கோபப்படத் தெம்பு வேணுமே. அந்தக் காலி டிரம்மை ஓரமா உருட்டு."

"வாசனையா இருக்கட்டுமேன்னுதான்..."

"அதுக்கு அவங்க சட்டையில சென்ட் அடிச்சிருக்கலாம்."

கீழ்க்காட்டுக்காரர் வந்து சேர்ந்தார். "இன்னைக்காவது திறப்பியா தங்கச்சி? சோளம் சுருண்டு கிடக்கு."

"ஜாடியைப் பாருங்கண்ணே."

"பார்த்துப் பார்த்தே கண்ணு பூத்துப்போச்சு."

ஆனாலும் பார்த்தார். நனைந்த கம்பளிபோல் கலங்கல் அடியில் அமர்ந்திருந்தது. மேலே நின்ற தண்ணீர் வழியே எதிர்ச்சுவரின் விரிசல் தெரிந்தது. அவர் மதகுப் பக்கம் நடக்க, அவள் ஜாடியைக் கவிழ்த்துவிட்டு வேறு மூலையில் மொண்டாள்.

"அடக் கடவுளே, மறுபடியுமா?" அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் சத்தமில்லாமல் சிரித்தாள்.

இரண்டாவது ஜாடியும் தெளிந்தது. மோந்து பார்த்தாள். ஈர மண் வாசனை. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு கை அள்ளிப் பார்த்தாள், அதுவும் சரி. பிறகுதான் மதகுக்குப் போனாள். இறுகிப்போயிருந்த சக்கரத்தை அண்ணியும் நாத்தனாருமாகத் திருப்பினார்கள். தண்ணீர் ஓசையோடு வாய்க்காலில் இறங்கியது.

கீழ்க்காட்டுக்காரர் குனிந்து தொட்டுப் பார்த்தார். "முன்னைவிடச் சுத்தமா இருக்கே."

"முன்ன இருந்த மாதிரிதான் இருக்கு."

உறைகளைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் கைப்பிடியை அவருக்குக் காட்டினாள்.

"பாய்ச்சி முடிச்சதும் நீங்களே மூடிக்கோங்கண்ணே. நான் கொஞ்சம் உட்காரணும்."